ஊர் சுற்றாதவன் தச்சன் இல்லை!

உங்கள் வீட்டு வாசல் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். எங்கேயும் உரசாமல், இடுக்கு விடாமல், கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறதா? அப்படியானால் அதைச் செய்த ஆசாரிக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டுவிடுங்கள். மரம் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். அதை அடக்கி ஆளத் தெரிந்தவர்தான் தச்சர்.

சரி, அந்த வித்தையை ஒருத்தர் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? அப்பா தச்சராக இருந்தால் பட்டறையிலேயே தவழ்ந்து வளரலாம். இல்லாவிட்டால்? ‘வேலை கத்துக் குடுங்க’ என்று யார் வாசலில் போய் நிற்பது?

இந்தக் கேள்விக்குப் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு விசித்திரமான பதிலைக் கண்டுபிடித்தார்கள். ‘மூட்டையைக் கட்டு... நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா. திரும்பி வரும்போது நீ தச்சன்!’

‘டூர் டி பிரான்ஸ்’ என்றதும் உங்களுக்கு சைக்கிள் பந்தயம்தான் ஞாபகம் வரும். அந்தப் பந்தயம் 1903-ல் ஆரம்பித்தது. அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே பிரான்ஸில் அதே பெயரில் இன்னொரு சுற்று நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் கிடையாது, பரிசுக் கோப்பை கிடையாது. தோளில் துணிமூட்டை, கையில் நீளமான கைத்தடி, காலில் தேய்ந்த செருப்பு. தச்சர்கள், கல்தச்சர்கள், பூட்டு செய்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். இவர்களுக்குப் பெயர் ‘கொம்பஞ்ஞோன்’. கூட்டாளி என்று அர்த்தம்.

கொஞ்ச நேரத்துக்கு நீங்களே அந்தப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 1824. உங்களுக்கு வயது பதினெட்டு. உள்ளூர்ப் பட்டறையில் இழைப்புளி பிடிக்கவும் உளி தீட்டவும் கற்றுக்கொண்டாகிவிட்டது. அம்மா அழுகிறாள். அப்பா முறைக்கிறார். கிளம்பிவிட்டீர்கள். ஏழெட்டு நாள் நடந்து, முன்பின் தெரியாத ஒரு ஊருக்கு வந்து சேருகிறீர்கள். கையில் காசு இல்லை. எங்கே போவீர்கள்?

நேராக ‘அம்மா’வைத் தேடிப் போவீர்கள்!

ஆமாம், ஒவ்வொரு பெரிய ஊரிலும் இந்தச் சங்கத்துக்கு என்று ஒரு சத்திரம். அதை நடத்தும் பெண்மணிக்கு ‘அம்மா’ என்றுதான் பெயர். சத்திரத்தையும் அப்படியே சொல்வார்கள். போனதும் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, கடனும் உண்டு. அடுத்து ‘ரூலர்’ என்கிற ஒருத்தர் வருவார். வேலை பிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. உங்களைப் பட்டறை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்து விடுவார். உடம்புக்கு முடியாமல் போனால் சங்கத்து ஆட்கள் முறை வைத்து வந்து பார்ப்பார்கள். செத்துப் போனால் அடக்கமும் அவர்கள் செலவு. பென்ஷன், இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லாத காலம் அது. ஒரு ஏழைப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பகல் பூராவும் வேலை. ராத்திரி? அங்கேதான் நிஜமான பாடம் ஆரம்பிக்கும். அதற்குப் பெயர் ‘த்ரே’. கோடு போடுவது. ‘கோடு போடுறது ஒரு பெரிய வித்தையா?’ என்று கேட்காதீர்கள்.

ஒரு ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்து, மொட்டை மாடியிலிருந்து செங்குத்தாகக் கீழே பாருங்கள். பன்னிரண்டு அடி ஏணி, நான்கடி மாதிரித்தான் தெரியும். சாய்வாக நிற்கும் எதற்குமே இந்தக் கதிதான். வரைபடத்தில் ஒரு நீளம், நிஜத்தில் ஒரு நீளம். இப்போது நான்கு பக்கமும் சரிகிற ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரிவுகள் சந்திக்கிற மூலையில் ஒரு கைமரம் சாய்ந்து நிற்கும். அதன் நிஜ நீளம் என்ன? மற்ற கைமரங்கள் வந்து அதில் உட்காருகிற இடத்தில் எந்தக் கோணத்தில் அறுக்க வேண்டும்? அரை விரல்கடை தப்பாக அறுத்தால் நல்ல மரம் விறகாகிவிடும்.

இதற்குத்தான் கோடு. தரையில் கூரையின் படத்தை முழு அளவிலேயே வரைவார்கள். அந்தப் படத்தின் மேலேயே நிஜ மரத்தைக் கிடத்துவார்கள். தூக்குகுண்டைத் தொங்கவிட்டு, தரையில் இருக்கும் கோட்டை மரத்துக்கு ஏற்றுவார்கள். அதன்படி அறுத்தால், மேலே கொண்டு போய் மாட்டும்போது மரமும் மரமும் கைகோத்துக்கொள்ளும். ஒரு கணக்கும் எழுத வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட ஜியாமெட்ரியில் புலியாகிவிடுவான்! பிரெஞ்சுத் தச்சர்களின் இந்தக் கோடு போடும் கலையை 2009-ல் யுனெஸ்கோ, மனித குலத்தின் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. மறு வருஷமே, 2010-ல், கொம்பஞ்ஞோன் அமைப்பையும் சேர்த்துக்கொண்டது.

ஒரு ஊரில் சில மாதங்கள். பிறகு அடுத்த ஊர். ஏன் ஓரிடத்தில் உட்காரக் கூடாது? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கைப்பக்குவம். மரம் வேறு, கூரைச் சரிவு வேறு, மழை வேறு, மேஸ்திரியின் திட்டுகூட வேறு! நாலு ஊர்த் தண்ணீர் குடித்தவனுக்குத்தான் நாலு விதமாக யோசிக்கத் தெரியும் என்று நம்பினார்கள். கடைசியில் சோதனை. நீங்கள் கற்றதையெல்லாம் காட்டி ஒரு சாமான் செய்து வைக்க வேண்டும். பெரியவர்கள் சுற்றி நின்று நோண்டி நோண்டிப் பார்ப்பார்கள். தேறிவிட்டால் ரகசியச் சடங்கு, வண்ண ரிப்பன், கைத்தடி. கூடவே புதுப் பெயர் ஒன்று. பிறந்த ஊரும் ஒரு நல்ல குணமும் சேர்ந்த பெயர்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

இதே கூட்டாளிகள்தான் நடுரோட்டில் ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைத்துக்கொண்டார்கள்!

விஷயம் இதுதான். இந்தச் சங்கம் ஒன்றாக இல்லை. மூன்று பிரிவுகள். ஜெருசலேமில் கோயில் கட்டிய சாலமன் ராஜாவின் பிள்ளைகள் நாங்கள் என்றது ஒரு பிரிவு. மேஸ்திரி ஜாக் என்பவரின் வாரிசுகள் நாங்கள் என்றது இன்னொன்று. மூன்றாவது, சூபிஸ் என்கிற பெரியவரின் வழிவந்த கூரைத் தச்சர்கள். மூன்றுமே புராணக் கதைகள். ஆனால் அந்தக் கதைகளுக்காக நிஜ ரத்தம் ஓடியது.

சாலையில் எதிரே ஒரு கைத்தடி ஆசாமி வருகிறான் என்று வையுங்கள். இருபது அடி தூரத்தில் இரண்டு பேரும் நிற்பார்கள். ஒருவன் சத்தமாகக் கூப்பிட்டு, என்ன தொழில், எந்தப் பிரிவு என்று விசாரிப்பான். ஒரே பிரிவு என்றால் கட்டிப்பிடித்து, குடுவையிலிருந்து ஆளுக்கு ஒரு மடக்கு. வேறு பிரிவா? கைத்தடி பேசும்! தோற்றவனின் தடியையும் ரிப்பனையும் பிடுங்கிக்கொண்டு போவது வீரம். 1730-ல் தெற்கே லா க்ரோ என்கிற சமவெளியில் இரண்டு கோஷ்டிகள் மோதி நடந்தது கிட்டத்தட்ட ஒரு யுத்தம். ராணுவம் வந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் ஒரே மாதிரி காய்ச்சுப்போன கை உள்ள ஏழைகள்!

சங்கத்துக்கு உள்ளேயும் எல்லாரும் சமமில்லை. கூரைத் தச்சர்கள் புதுசாக வருகிற பையனை ‘நரி’ என்று கூப்பிட்டார்கள். நரி தனியாகத்தான் சாப்பிட வேண்டும். மூத்தவர்களின் செருப்பைத் துடைக்க வேண்டும். அடி வாங்கினாலும் வாயைத் திறக்கக் கூடாது. ‘கத்துக்கணும்னா பட்டுத்தான் ஆகணும்’ என்பார்கள். தொழில் கற்றுக்கொடுக்கும் இடங்களில் இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இந்தச் சூழலில்தான் நம்ம ஹீரோ வருகிறார். பெயர், அக்ரிகோல் பெர்டிகியே.

தெற்கு பிரான்ஸில் அவிஞ்ஞோன் நகரத்துக்குப் பக்கத்தில் மொரியேர் என்று ஒரு கிராமம். 1805-ல் அங்கே ஒரு தச்சர் வீட்டில் பிறந்தார். கதவு, ஜன்னல், அலமாரி செய்கிற தச்சு. சற்று முன் ‘1824-ல் கிளம்புகிறீர்கள்’ என்று சொன்னேன் அல்லவா? அந்த வருஷத்தில் நிஜமாகக் கிளம்பியவர் இவர். மார்செய், மோன்பெலியே, போர்தோ, நாந்த், ஷார்த்ர், பாரிஸ், லியோன் என்று நான்கு வருஷம் சுற்றினார். சாலமன் பிரிவில் சேர்ந்து தேறினார். கிடைத்த பெயர், ‘அவிஞ்ஞோன்காரன் நற்குணம்’.

பெயருக்கு ஏற்ற ஆள். சண்டைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு வெறுத்துப்போனது. நேற்று வரை பக்கத்துப் பட்டறையில் உளி பிடித்தவனை இன்றைக்கு ஏன் அடிக்க வேண்டும்? கேட்டால் பாட்டு பாடுவார்கள். எதிரிப் பிரிவைக் கேவலமாகத் திட்டும் பாட்டுகள் நிறைய இருந்தன. பெர்டிகியே, ஒற்றுமையைச் சொல்லும் பாட்டுகளை எழுத ஆரம்பித்தார்.

1828-ல் சுற்று முடிந்தது. பிறகு பாரிஸில், மரவேலைக்காரர்கள் மொய்த்துக் கிடந்த செயின்ட் ஆன்டனி பேட்டையில் குடியேறினார். தச்சு வேலை, தொழிலாளிகளுக்கு ஒரு சின்ன விடுதி, ராத்திரியில் கோடு வகுப்பு. மனைவி லீஸ் துணி தைத்தார். இதற்கு நடுவே 1839-ல் ஒரு குண்டைப் போட்டார். ‘கொம்பஞ்ஞோன் புத்தகம்’ என்று ஒரு புத்தகம். மூன்று பிரிவுகளின் கதை, பழக்கவழக்கம், பாட்டு, சண்டை எல்லாவற்றையும் அச்சில் ஏற்றிவிட்டார். கூடவே, ‘நாமெல்லாம் தொழிலாளிகள். இந்த வெட்டு குத்து போதும்’ என்கிற வேண்டுகோள்.

‘ரகசியத்தை வித்துட்டான்’ என்று பழைய ஆட்கள் கொதித்தார்கள். ஆனால் புத்தகம் எதிர்பாராத கைகளுக்குப் போனது. அதில் ஒருவர் ஜார்ஜ் சான்ட். ஆண் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற பெண் நாவலாசிரியை. இசைமேதை ஷோபானின் காதலியும் அவர்தான். பெர்டிகியேயை வரவழைத்துப் பேசினார். 1840-ல் அவர் கொடுத்த பணத்தில் பெர்டிகியே இரண்டாவது முறை நாட்டைச் சுற்றினார். இந்த முறை வேலை கற்க அல்ல, சமாதானம் பேச! அதே வருஷம் சான்ட், ஒரு தச்சரை ஹீரோவாக வைத்து நாவலே எழுதிவிட்டார்.

இவ்வளவு அவசரமாக ஒற்றுமை எதற்கு? காரணம் இருந்தது. 1791-லேயே ஒரு சட்டம் போட்டுத் தொழிலாளிகள் கூட்டம் சேருவதையே தடை செய்துவிட்டார்கள். 1803-ல் நெப்போலியன் ஆட்சியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பாஸ்புக். முதலாளி அதில் கையெழுத்துப் போட்டால்தான் வேறு இடத்தில் வேலைக்குச் சேர முடியும். அந்தப் புத்தகம் ஒழிந்தது 1890-ல்தான். இப்படி நாலு பக்கமும் கட்டிப்போட்ட ஆட்கள், தங்களுக்குள்ளும் அடித்துக்கொண்டால் யாருக்கு லாபம்? 1845-ல் பாரிஸின் கூரைத் தச்சர்கள் தினக்கூலியை நான்கு ஃபிராங்கிலிருந்து ஐந்தாக்கச் சொல்லி வேலை நிறுத்தம் செய்தார்கள். தலைவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். வேலை நிறுத்தம் குற்றமில்லை என்று சட்டம் மாற 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1848-ல் புரட்சி. ராஜா ஓடிப்போனார். ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு. நடந்த தேர்தலில் மக்கள் சபைக்குப் போனவர்களில் ஒருவர்... தச்சர் பெர்டிகியே! நேற்று வரை ஜன்னல் சட்டம் இழைத்தவர், நாட்டின் சட்டம் இழைக்கும் இடத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டதும் பெர்டிகியே கைது, நாடு கடத்தல். பெல்ஜியம், ஸ்விட்சர்லாந்து என்று மறுபடியும் ஊர் சுற்றல். இந்தச் சுற்றில் அவருக்கு ‘அம்மா’ சத்திரம் எதுவும் இல்லை. அங்கே இருந்தபடி தன் கதையை எழுதினார். 1820-களின் ஒரு சாதாரணத் தொழிலாளி என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான், எதற்கு அழுதான் என்று இன்றைக்குச் சரித்திர ஆசிரியர்களுக்குத் தெரிகிறது என்றால் அதற்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கியமான காரணம். 1855-ல் பாரிஸ் திரும்பினார். 1875-ல் ஏழையாகவே இறந்தார்.

அவர் கேட்ட ஒற்றுமை? மெதுவாகத்தான் வந்தது. 1889-ல் பிரிவுகளைத் தாண்டிய ஒரு பொதுச் சங்கம் உருவானது. பரம்பரை எதிரிகளாக இருந்த இரண்டு கூரைத் தச்சர் பிரிவுகள் 1945-ல்தான் இணைந்தன. அவர் செத்து எழுபது வருஷம் கழித்து!

சரி, ரயில் வந்து, ஃபேக்டரி வந்து, கான்கிரீட் வந்த பிறகு இந்தக் கூட்டமெல்லாம் மியூசியத்துக்குப் போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

2019 ஏப்ரல் 15. பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தின் கூரை தீப்பிடித்து எரிந்ததை உலகமே டி.வி-யில் பார்த்தது. அந்தக் கூரைக்குள் ஓக் உத்தரங்கள் அடர்ந்து கிடந்ததால் அதற்குச் செல்லப் பெயர் ‘காடு’. பெரும்பகுதி எழுநூறு, எண்ணூறு வருஷப் பழசு. ஒரே ராத்திரியில் அத்தனையும் சாம்பல்.

கூடவே 96 மீட்டர் உயரக் கோபுரமும் ஒடிந்து விழுந்தது. அது அவ்வளவு பழசு இல்லை. 1859-ல் கட்டியது. அதன் அடியில் ஒரு சின்ன இரும்புத் தகடு பதித்திருந்தார்கள். கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் பெயர், தச்சு கான்ட்ராக்டர் பெயர், அப்புறம் வேலையை முன்நின்று நடத்திய தச்சரின் பெயர், ஜார்ஜ். அவர் எந்தச் சங்கம் என்றும் அதிலே இருந்தது. நம்ம பெர்டிகியேயின் அதே சாலமன் பிரிவு! அவர் கதவு ஜன்னல் தச்சர், ஜார்ஜ் கூரைத் தச்சர். அவ்வளவுதான் வித்தியாசம்.

தீ அணைந்ததும் சர்ச்சை ஆரம்பித்தது. ‘இந்தக் காலத்தில் எதுக்கு மரம்? ஸ்டீல் போடலாம், கண்ணாடி போடலாம்’ என்றார்கள். ‘கோடாலியால உத்தரம் செதுக்க இப்ப ஆள் எங்கே இருக்கு?’ என்றும் கேட்டார்கள். 2020 ஜூலையில், பழையபடியே மரத்தில் கட்டுவது என்று முடிவானது. செப்டம்பரில் தச்சர்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள். பட்டையை உரித்து, கோடாலியால் செதுக்கி, கோடு போட்டு, பழைய கூரையின் ஒரு சட்டகத்தை அப்படியே செய்து, தேவாலயத்தின் வாசலிலேயே கயிறு கட்டிக் கையால் தூக்கி நிறுத்தினார்கள். கேள்வி கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதிர்ஷ்டவசமாக 2014-லேயே இரண்டு கட்டடக் கலைஞர்கள் அந்த ‘காட்டு’க்குள் ஏறி ஒவ்வொரு மரத்தையும் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. கொம்பஞ்ஞோன் வழியில் கற்றவர்களும், வேறு வழிகளில் வந்தவர்களும், அயல்நாட்டுத் தச்சர்களும் சேர்ந்து செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடியும் திறந்தது. படத்தில் அளவு இருந்தது, காட்டில் மரம் இருந்தது. ஆனால் ராத்திரி வகுப்பில் அந்தக் கோட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த ஆட்கள் இல்லாவிட்டால்? படம் படமாகவே இருந்திருக்கும்!

இன்றைக்கும் ஒரு பிரெஞ்சுப் பிள்ளை தச்சராக வேண்டும் என்றால் இந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் அடிப்படைச் சான்றிதழ் படிப்பு. அப்புறம் சங்கத்து விடுதியில் தங்கி, பகலில் சம்பளத்துக்கு வேலை, ராத்திரியில் கோடு. சில மாதத்துக்கு ஒரு ஊர் என்று ஐந்தாறு வருஷம். நடக்க வேண்டாம், ரயிலில் போகலாம். கடைசியில் அதே சோதனை வேலை, அதே கைத்தடி, அதே புதுப் பெயர். செருப்புத் துடைக்கிற நரி வேஷம் கிடையாது. 2004-ல், மூன்று சங்கங்களில் பெரியது பெண்களையும் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தது. காலங்காலமாகப் பெண்ணுக்கு அங்கே கிடைத்த ஒரே பதவி சத்திரத்து ‘அம்மா’. இப்போது அவள் கையிலும் உளி.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? முக்கியமான ஃபீஸ் ஒன்று உண்டு. கற்று முடித்ததும் நீங்கள் இன்னொரு பையனுக்கோ பொண்ணுக்கோ கற்றுக்கொடுக்க வேண்டும். சம்பளம் எதிர்பார்க்காமல், ஒளித்து வைக்காமல், முழுசாக.

அவிஞ்ஞோன் போகிற வாய்ப்பு கிடைத்தால், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. அக்ரிகோல் பெர்டிகியே சதுக்கம். உள்ளே அவருடைய சிலையும் உண்டு. பூங்கா பெஞ்சில் உட்காரும்போது, பலகையும் பலகையும் சேருகிற இடத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அந்தத் தச்சரும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்!